கூட்டத்துக்கு அஞ்சி நிறுத்தப்பட்ட ஒரு சந்தை

இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1982 முதல் நடந்துவந்த கிறிஸ்துமஸ் சந்தையை, இனிக் கூட்டத்தைப் பாதுகாப்பாகக் கையாள இயலாது என்று கூறி அந்நகர மன்றமே 2023-இல் நிறுத்திவிட்டது. ஆள் வராமல் நொடித்துப்போன சந்தை அல்ல அது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அந்நகருக்கு, 2022 டிசம்பரில் சந்தை நடந்த நான்கு நாட்களில் மட்டும் ஏறத்தாழ 3,20,000 பேர் வந்தார்கள். வியாபாரிகளும் ஊர்க்காரர்களில் பலரும் இந்த முடிவைக் கடுமையாக எதிர்த்தார்கள். இருந்தும் மன்றம் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

அந்தச் சந்தை கூடிய இடம், குன்றின் மேல் பேராலயத்துக்கும் பழைய கோட்டைக்கும் இடைப்பட்ட பகுதி. மோட்டார் வண்டிகளே இல்லாத காலத்தில் அமைந்த தெருக்கள் அவை. கீழ் நகரிலிருந்து மேலேறும் ஸ்டீப் ஹில் என்னும் கல் பாவிய தெருவோ செங்குத்தானது. நுழைவுக் கட்டணமோ வாயிலோ இல்லாததால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணித் தடுக்கவும் வழியில்லாமல் இருந்தது.

ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேர் நிற்கும்வரை மனிதன் தன் காலில் நடக்கிறான். ஆறேழு பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீரைப் போல அலைபாயத் தொடங்கிவிடும், யாரும் தன்னிச்சையாக நிற்கவோ திரும்பவோ முடியாது. மிதிபட்டுச் சாவதாகத்தான் நாம் சொல்லிக்கொள்கிறோம்; உண்மையில் பெரும்பாலோர் நெஞ்சு நெருக்குண்டு, மூச்சு விட முடியாமல் நின்ற நிலையிலேயே இறக்கிறார்கள். 2022 அக்டோபரில் தென்கொரியத் தலைநகர் சியோலின் இட்டேவோன் பகுதியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் சரிவான, குறுகலான ஒரு சந்தில்தான். 1992 கும்பகோணம் மகாமகத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது.

எங்கள் கரையில் இதற்கு நேர்மாறான ஒரு விழா உண்டு. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து போக விரும்புவோர் முன்கூட்டியே பெயர் கொடுத்து அனுமதி பெற வேண்டும்; எந்தப் படகில் எத்தனை பேர் என்பது முதலிலேயே முடிவாகிவிடும், உயிர்காப்பு மிதவை இல்லாமல் யாரும் ஏற முடியாது. எல்லைச் சிக்கலும் கடலும் சேர்ந்து கொண்டுவந்த ஒழுங்கு இது, நம் பொறுப்புணர்ச்சியால் வந்ததன்று என்பது வேறு கதை. ஆயினும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்ததால் அந்தோணியாரின் அருள் குறைந்துவிட்டதாக யாரும் புலம்பி நான் கேட்டதில்லை.

ஆடி அமாவாசையன்று இராமேசுவரத்துக்கு வந்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். அக்கினி தீர்த்தத்தில் முழுகி, ஈரத் துணியோடு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் ஆடுவதற்காக வரிசை நகரும்போது, வாளித் தண்ணீர் வழிந்த கல் தரையில் வயதான பெண்கள் முன்னால் போகிறவரின் முந்தானையைப் பிடித்தபடி கால் வைக்கிறார்கள். லிங்கன் மன்றம் தான் தொடங்கிய சந்தையைத் தானே நிறுத்திக்கொண்டது. அமாவாசையை எந்த நகராட்சியும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது.

நிறுத்த முடியாது என்பதற்காகத் தெருவின் அகலத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? கோயில் விழாவாகட்டும், தேர்பவனியாகட்டும், கந்தூரியாகட்டும், நம் ஊர்களில் தெருவைக் குறுக்குவது பெரும்பாலும் கடைகள்தான். வளையல் கடைக்காரர் முதலில் சுவரோரமாகத்தான் பலகை போடுகிறார். மாலைக்குள் தார்ப்பாய்க் கயிறு எதிர்ச் சுவர் ஆணிக்குப் போய்விடுகிறது, அதற்குக் கீழே கரும்புச்சாறு வண்டியொன்று வந்து நிற்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கடை போடும் உரிமைக்கு அவர் பணம் கட்டியிருக்கிறார். கடையிடத்தை ஏலம் விடும் உள்ளாட்சி அமைப்புகள், ஏலத்துக்கு முன்பே நடைபாதையின் அகலத்தை அளந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டை ஏல நிபந்தனையிலும் எழுதிவைக்கலாம். வருகிற விழாக்காலத்துக்கு முன் எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்க இருக்கிறேன்.