990-க்கு 870

டோக்கியோ வந்த ஏழு வருடத்தில் போன வசந்தத்தில்தான் முதல்முறையாக, புதுப் பட்டதாரிகளின் நேர்காணலில் என்னையும் உட்கார வைத்தார்கள். ஆங்கிலம் சோதிக்க ஒரு ஆள் வேண்டுமாம்.

முதல் பையனுக்கு டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் தேர்வில் 870. முழு மதிப்பெண்ணே 990தான். சரி, வெளுத்து வாங்குவான் என்று நினைத்து, "உங்கள் ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். பாவம், நெற்றி வியர்த்ததுதான் மிச்சம்.

அவன்மேல் தப்பில்லை. எல்லோரும் எழுதுவது கேட்டல், வாசித்தல் தேர்வு. 2 மணி நேரம், 200 கேள்வி, பதிலுக்கு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். வாயைத் திறக்கவே வேண்டாம். பேச்சுக்கும் எழுத்துக்கும் 2006-லிருந்து தனித் தேர்வு இருக்கிறது. எங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் ஒருவர்கூட அதைப் போடவில்லை.

அப்புறம் வந்த பெண்ணுக்கு 605. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் அசகுசாவில் ஒரு தங்கும் விடுதியில் பகுதிநேர வேலை பார்த்தவர். இலக்கணம் தடுமாறியது, ஆனால் நான் மடக்கிக் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. அவருக்குத்தான் கூட மதிப்பெண் போட்டேன். ஹெச்.ஆர். அதிகாரி என் தாளையும் டோயிக் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் மட்டும் என்ன? ஜப்பானிய மொழித் தேர்வில் என்2, அதாவது ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது, தேறியவன். அதிலும் பேச்சு கிடையாது. சான்றிதழ் வந்த வாரம் வார்டு அலுவலகத்தில் முகவரி மாற்றப் போய், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.