மாத்தளனில் விட்ட ரங்குப்பெட்டி

இறுதி யுத்தத்தில், 2009 சித்திரையில் மாத்தளன் பங்கரை விட்டு முள்ளிவாய்க்கால் பக்கம் ஓடியபோது எங்கள் ரங்குப்பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. வட்டக்கச்சியில் இருந்து தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று ஒவ்வோர் இடப்பெயர்விலும் அப்பா அதை லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் ஏற்றி இறக்கிக் காப்பாற்றி வந்தவர். கடைசியில் லான்ட்மாஸ்ரரும் இல்லை, தூக்க ஆளும் இல்லை. காணிப் பேர்மிற், கல்யாணப் படங்கள், அப்பப்பாவின் கல்வெட்டு என்ற செத்தவீட்டு நினைவுப் புத்தகம், மலாயாவில் இருந்து வந்த கடிதக் கட்டு எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமுக்குள் நாங்கள் கொண்டுபோனது அடையாள அட்டைகளும் ஓர் உரப்பையும் மட்டுந்தான்.

பதின்மூன்று வருடம் கழித்து அப்பம்மா ஒருநாள் கேட்டா: "உன்ரை அப்பப்பாவின்ரை சித்தப்பா ஒராள் மலாயாவுக்குப் போனவர். கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தவை. அந்தப் பிள்ளையள் இருக்குதுகளோ எண்டு உந்தப் போனிலை ஒருக்காத் தேடிப்பாரன் பிள்ளை."

அவவுக்கு அப்போது 85 வயது. எனக்கு அந்தச் சித்தப்பாவின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்தது. வன்னியில் என்னைப்போல் வெறுங்கையோடு தேடத் தொடங்குபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உயிரோடு இருக்கும் சொந்தங்களும் இதில் வருவதால் பெயர்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

முதலில் அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் அதில் பெயரையும் திகதியையும் மட்டுந்தான் பார்ப்போம். கீழே இறங்கினால், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு பகுதி இருக்கிறது. தகப்பன் இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரைப் பற்றியும் கேட்கிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்று பார்த்துத்தான் வம்சவழிப் பிரஜையா இல்லையா என்று தீர்மானித்தது. இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கிய சட்டம் அது. அதே கேள்விக்கு எழுதிய விடையில் இருந்துதான் என்னுடைய பூட்டனாரின் பெயரும், புங்குடுதீவு என்ற ஊரும், ஓர் ஆண்டும் எனக்குக் கிடைத்தன. அந்தக் கட்டத்தை வாசிக்கும்போது சந்தோஷமும் கனமும் ஒன்றாகத்தான் வந்தன.

சான்றிதழ் தொலைந்தவர்கள், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பதிவேட்டைத் தேடித் தரச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் வருடம் தோராயமாகவாவது தெரியவேண்டும். வயதுபோனவர்களிடம் 'எப்ப பிறந்தீங்கள்' என்று கேட்டால் விடை வராது. 'யாருக்கு மூத்தவர், எந்தப் புயலுக்கு முந்தி' என்று கேட்டால் வரும்.

அடுத்தது கல்வெட்டு. எங்கள் சனத்திடம் செத்தவீட்டு முப்பத்தோராம் நாளில் புத்தகம் அடித்துக் கொடுக்கும் வழக்கம் இல்லாதிருந்தால் நான் இங்கேயே நின்றிருப்பேன். தேவாரம், திருவாசகம் எல்லாம் முடிந்து பின்பக்கத்தில் வம்சாவளி என்று ஒரு கிளைப்படம் இருக்கும். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களை ஸ்கான் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அப்பப்பாவின் கல்வெட்டு அங்கே இல்லை. அதனால் புங்குடுதீவு மலர்களை இரவிரவாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, பூட்டனாரின் தமக்கை வழி ஒருவரின் மலரில் எங்கள் பூட்டனாரின் பெயர் ஒரு கிளையில் நின்றது. பக்கத்தில் அவருடைய தம்பியின் பெயர். அதற்குக் கீழே அடைப்புக்குள் 'மலாயா'.

கல்வெட்டில் ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா 'விகாரி வருடம், அபரபக்கத் தசமி' என்று சொல்லும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். விகாரி 1959இலும் தொடங்கியது, 2019இலும் தொடங்கியது. பிள்ளைகளின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எதுவென்று முடிவுகட்டவேண்டும்.

பிறகு மரண அறிவித்தல்கள். இதைத்தான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். இணையத்தில் வரும் ஒவ்வொரு அறிவித்தலும் உரைநடையில் எழுதிய ஒரு குடும்ப மரம். 'புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் கிளிநொச்சியை வசிப்பிடமாகவும் கொண்ட' என்ற முதல் வரியில் இடப்பெயர்வே இருக்கிறது. 'இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும்' என்பதில் பெற்றோர், 'அன்பு மருமகனும்' என்பதில் மாமன் மாமி. சகோதரர்கள், மைத்துனர்கள், சகலன், சம்பந்தி, பெறாமக்கள் என்று ஒருவரையும் விடமாட்டார்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று நாடும் இருக்கும். ஒரு பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தால் அவர் அந்தத் திகதிக்கு முதலே இறந்தவர். இல்லாவிட்டால் பெரும்பாலும் அன்றைக்கு உயிரோடு இருந்திருக்கிறார். இப்படிப் பதினொரு அறிவித்தல்களை அப்பியாசக் கொப்பி ஒன்றில் வெட்டி ஒட்டினேன். கிளைகள் தாங்களாகவே ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்கின.

மலேசியாக் கிளைக்கு வந்தபோது பெயர் குழப்பியது. எங்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். வெளிநாட்டில் ஏதோ ஒரு தலைமுறையில் அது அப்படியே உறைந்துவிடுகிறது. ஆகவே பேஸ்புக்கில் அந்தச் சித்தப்பாவின் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராகக் கொண்டவர்களைத் தேடினேன். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒன்றல்ல. கந்தையா என்பதையே கே எழுத்திலும் தொடங்குவார்கள், சி எழுத்திலும் தொடங்குவார்கள். எல்லா விதமாகவும் போட்டுப் பார்க்கவேண்டும்.

பதினாறு பேருக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. நான் எழுதியதைத் திரும்ப வாசித்தபோது காரணம் விளங்கியது. 'வணக்கம், நான் கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன், நீங்கள் எங்கள் சொந்தமாக இருக்கலாம்' என்று தொடங்கினால், அடுத்தது காசு கேட்கப்போகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? எழுத்தை மாற்றினேன். முதல் வரியில் பூட்டனார், அவர் தம்பி, தாய் தகப்பன் நாலு பேரின் பெயரும் ஊரும். இரண்டாவது வரியில், எங்களுக்கு உதவி எதுவும் வேண்டாம், 85 வயது தாண்டிய அப்பம்மா ஒராள் விசாரிக்கிறா என்று. கூடவே கல்வெட்டுக் கிளைப்படத்தின் படமும். அடையாள அட்டை இலக்கமோ, உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியோ அனுப்பவில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் மரபணுச் சோதனை செய்தும் பார்த்தார். நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்தன. மச்சான் மச்சாளைக் கட்டிவந்த எங்கள் குடும்பங்களில் ஒரே இரத்தம் பல வழியாகச் சுற்றிவருவதால், தூரத்து உறவும் கிட்டத்து உறவாகத் தெரிகிறது. எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை.

இரண்டரை மாதம் கழித்துக் கோலாலம்பூரில் இருந்து ஒரு பெண் பதில் எழுதினா. மலாயா ரயில்வேயில் கிளாக்காக இருந்தவரின் பேத்தி. தமிழ் கதைப்பா, வாசிக்கத் தெரியாது. அவவின் அம்மாவுக்கு 75 வயது. முறை பார்த்தால் அப்பப்பாவுக்குத் தங்கை, அப்பம்மாவுக்கு மச்சாள். வாட்ஸ்அப்பில் வீடியோவைப் போட்டவுடன் இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அப்பம்மா கேட்டா: "சாப்பிட்டாச்சோ மச்சாள்?"

இதற்கிடையில் ஃபமிலிசேர்ச் என்ற இணையத்தளத்தில் எங்கள் குடும்ப மரத்தை ஏற்றத் தொடங்கியிருந்தேன். இலவசம் என்பதால்தான் அதைத் தெரிவுசெய்தேன். ஒவ்வொருவருக்கும் உயிரோடு இருக்கிறாரா, காலமானவரா என்று குறிக்கவேண்டும். என்னுடைய சித்தப்பாவின் இடத்தில் கை நின்றுவிட்டது. 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலத்தடியில் எங்களிடம் இருந்து பிரிக்கப்பட்டவர். 2017 மாசி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில், முதல் வாரத்தில் இருந்தே அப்பம்மா போய் இருந்தவ. காணாமல் போனதற்கான சான்றிதழ் எடுக்கலாம் என்று சொன்னார்கள். அவ அதற்குக் கையெழுத்து வைக்கவில்லை. காலமானவர் என்று குறித்தால் அந்தப் பெயரை உலகம் முழுவதும் பார்க்கலாம். உயிரோடு என்று குறித்தால் ஏற்றிய எனக்கு மட்டுந்தான் தெரியும். உயிரோடு என்று குறித்தேன். என்னுடைய கணக்குக்குள் அவர் இருக்கிறார்.

போன மார்கழியில் மச்சாள் வீட்டில் பழைய பிஸ்கற் ரின் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். அப்பப்பா போட்ட பதினான்கு கடிதங்கள் அதற்குள் இருந்தன. மாத்தளனில் எங்களிடம் இருந்து போனவை அங்கிருந்து வந்த கடிதங்கள். இங்கிருந்து போனவை அத்தனையும் அங்கே பத்திரமாக இருந்திருக்கின்றன. ஒன்றுக்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எங்கள் பழைய வட்டக்கச்சி வீட்டு வாசல், அப்பப்பா, அப்பம்மா, நாலு பிள்ளைகள். பின்னால் பென்சிலால் பெயர்கள், 1976.

ஓரத்தில் காற்சட்டையோடு நிற்கும் நாலு வயதுப் பையன் சித்தப்பா. அவருடைய சின்ன வயதுப் படம் ஒன்றும் எங்களிடம் இருக்கவில்லை. போராட்டத்துக்கு அப்பம்மா கொண்டுபோனதுகூட அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்ததுதான்.

போனில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தா.

"இந்தக் காற்சட்டை நான் தைச்சது. பரந்தன் சந்தியிலை வாங்கின துணி."

கிளிநொச்சியில் ஸ்ரூடியோவில் குடுத்து எல்லோரையும் சேர்த்துப் பெரிதாக அடித்துக் கொண்டுவந்தேன். சாமிப்படங்களுக்குப் பக்கத்தில், அப்பப்பாவின் மாலை போட்ட படத்தோடு கொழுவப் போனேன். அப்பம்மா விடவில்லை. "அங்கை வேண்டாம். விறாந்தையிலை கொழுவு, வாற ஆக்கள் பாக்கட்டும்" என்றா. விறாந்தையில்தான் தொங்குகிறது.