மெயில் போனால் ஃபேக்ஸ் போனதாகாது: லினக்ஸ் பெட்டியில் ஒரு கேட்வே

ஃபேக்ஸா, இன்னுமா என்று கேட்பவர்கள் ஜப்பானுக்கு பனியன் அனுப்புகிற திருப்பூர் ஆபீஸில் கேட்டுப் பார்க்கலாம். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் சீட்டை விட்டு எழாமல், நம்பரையே முகவரியாகப் போட்டு ஒரு மெயில் தட்டினால், அதிலுள்ள பிடிஎஃப் எதிர்முனை மெஷினில் தாளாக இறங்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு பழைய பெட்டியில் (கம்ப்யூட்டரில்) லினக்ஸ், ஃபேக்ஸை அனுப்பும் ஹைலாஃபேக்ஸ், மெயிலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பிடிஎஃப்பைப் படமாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட், ஒரு மோடம், ஒரு லேண்ட்லைன். காசு கொடுத்து வாங்குவது மோடம் மட்டும்தான்.

அந்த மோடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மதர்போர்டில் செருகும் விலை குறைந்த சாஃப்ட்மோடம் தன் வேலையை கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடும், லினக்ஸில் அதற்கு டிரைவர் தேடியே நாள் போய்விடும். சீரியல் கேபிளில் வரும் வெளி மோடம் நல்லது; யுஎஸ்பி என்றால் உள்ளே கன்ட்ரோலர் உள்ளதாக இருக்கட்டும். செருகியதும் மினிகாமில் (மோடத்தோடு நேரடியாகப் பேசும் புரோகிராம்) ‘ஏடி+எஃப்கிளாஸ்=?’ கேளுங்க. பதிலில் 1 இருந்தால் போதும்; கிளாஸ் 1-ல் பிழை திருத்தம் உட்பட எல்லாவற்றையும் ஹைலாஃபேக்ஸே பார்த்துக்கொள்ளும். வெறும் 0 வந்தால் அது ஃபேக்ஸ் மோடமே அல்ல.

யுஎஸ்பி மோடத்தில் ஒரு தொல்லை. கரண்ட் போய் வந்தால் ஏசிஎம்0 ஆக இருந்தது ஏசிஎம்1 ஆகிவிடும், ஹைலாஃபேக்ஸ் பழைய பெயரையே பார்த்துக்கொண்டிருக்கும். லினக்ஸில் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் யுடெவ்வுக்கு விதி ஒன்று எழுதி நிலையான பெயர் கொடுத்துவிட்டு, அந்தப் பெயரிலேயே, மோடத்தை ஹைலாஃபேக்ஸில் சேர்க்கும் ஃபேக்ஸ்ஆட்மோடம் கட்டளையை ஓட்டுங்க. அது கேட்பதில் நாட்டு எண் 91, ஏரியா கோடு திருப்பூருக்கு 421, கோவைக்கு 422, ஈரோட்டுக்கு 424. முன்னால் பூஜ்ஜியம் போடக் கூடாது. அதைத் தனியாக லாங் டிஸ்டன்ஸ் பிரிஃபிக்ஸில் கேட்கும். வெளிநாட்டு பிரிஃபிக்ஸ் 00.

முதல் ஃபேக்ஸே ‘நோ டயல்டோன்’ என்று திரும்பினால் லைன்மேனைக் கூப்பிட வேண்டாம். நம் ஊர் டயல்டோன் 400 ஹெர்ட்ஸ், அதன்மேல் 25 ஹெர்ட்ஸ் ஏறி இறங்கும். அமெரிக்காவுக்குச் செய்த மோடம் 350-ம் 440-ம் சேர்ந்த ஒலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும். ‘ஏடி+ஜிசிஐ=53’ என்று இந்தியாவைக் காட்டிப் பாருங்க. மசியவில்லையென்றால் மோடத்தின் கான்ஃபிக் ஃபைலில் மோடம்ரிசல்ட்கோட்ஸ்சிஎம்டி வரியில் எக்ஸ்4-ஐ எக்ஸ்3 ஆக்குங்க. டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும், பிஸி டோனை மட்டும் கவனிக்கும். எக்ஸ்1 வரை இறங்க வேண்டாம், பிஸியும் தெரியாமல் போய்விடும். ஆபீஸ் இபிஏபிஎக்ஸ் (உள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) வழியாகப் போகும் லைன் என்றால் வெளி லைன் எண்ணுக்குப் பின் ஒரு கமா. அது சுமார் 2 விநாடி நிறுத்தம்.

போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் நாலு வரிதான். மாஸ்டர்.சிஎஃப்-ல் ஃபேக்ஸ் என்ற பெயரில் ஒரு பைப் சர்வீஸ் (வரும் மெயிலை ஒரு ஸ்கிரிப்டிடம் தள்ளிவிடுவது), புராசஸ் எண்ணிக்கை 1, ஓட்டும் யூசர் ஃபேக்ஸ் (ரூட் என்றோ போஸ்ட்ஃபிக்ஸ் என்றோ கொடுத்தால் பைப் மறுத்துவிடும்), பிறகு நம் ஸ்கிரிப்டின் பாதை, அதற்கு அனுப்புநரும் யூசர் பகுதியும். டிரான்ஸ்போர்ட் ஃபைலில் ஃபேக்ஸ் சப்டொமைனை (முகவரியில் நம்பருக்கும் @-க்கும் பின் வரும் பகுதி) இந்த சர்வீஸுக்குத் திருப்பி, போஸ்ட்மேப் ஓட்டி, மெயின்.சிஎஃப்-ல் டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் வரி. கடைசியாக ஃபேக்ஸ்_டெஸ்டினேஷன்_ரெசிபியன்ட்_லிமிட் = 1. இதை விட்டுவிட்டால் மூன்று நம்பருக்குப் போட்ட ஒரு மெயில் ஒரே கட்டாக ஸ்கிரிப்டுக்கு வந்து சேரும்.

இந்த சப்டொமைனை டிஎன்எஸ்ஸில் போட வேண்டாம், ரிலே_டொமைன்ஸிலும் (வெளியாளிடமிருந்தும் மெயில் ஏற்கும் டொமைன் பட்டியல்) சேர்க்க வேண்டாம். ஆபீஸ் லேனில் (உள் நெட்வொர்க்கில்) இருப்பவர்கள் அனுப்ப, நம்பும் ஐபி-க்களின் பட்டியலான மைநெட்வொர்க்ஸ் போதும். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0-க்கு முந்தைய பதிப்புகளில் ரிலே_டொமைன்ஸ் தானாகவே மைடெஸ்டினேஷனை (இந்த சர்வரே வாங்கிக்கொள்ளும் டொமைன்களை) எடுத்துக்கொள்ளும், சப்டொமைனையும் சேர்த்தே ஏற்கும். பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிடுங்க. இல்லாவிட்டால் வெளியாள் உங்கள் லைனில் ஐஎஸ்டி போடுவான், பில் உங்களுக்கு.

ஹைலாஃபேக்ஸோடு ஃபேக்ஸ்மெயில் என்று ஒன்று வருகிறதே என்பீர்கள். மெயிலில் எழுதியதையே தாளாக்க அது போதும். நமக்கு அது ஒத்துவராது. “அண்ணா, இத கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிருங்க” என்ற வரியும் சிக்னேச்சர் லோகோவும் சரக்கு வாங்கும் பையருக்குப் போய்ச் சேரும். அதனால் இருபது வரியில் சொந்த ஸ்கிரிப்ட்: ரிப்மைம் கொண்டு இணைப்புகளைத் தனி டைரக்டரியில் பிரித்து, பிடிஎஃப்பை மட்டும் எடுத்து, ஹைலாஃபேக்ஸின் சென்ட்ஃபேக்ஸ் கட்டளையிடம் கொடுப்பது. பிடிஎஃப் இல்லையென்றால் 65 என்ற எக்ஸிட் கோடு, மெயில் உடனே பவுன்ஸ் ஆகும். டிஸ்க் நிறைந்தது, ஹைலாஃபேக்ஸ் ஓடவில்லை என்றால் 75. போஸ்ட்ஃபிக்ஸ் கியூவில் வைத்திருந்து மறுபடி முயலும். இரண்டையும் மாற்றிப் போட்டால், ஓடாத சர்வருக்காக மெயில் திரும்பும், பிடிஎஃப் இல்லாத மெயில் ஐந்து நாள் கியூவில் கிடக்கும்.

நம்பரை ஸ்கிரிப்டிலேயே சலிக்க வேண்டும். இடைவெளி, ஹைஃபன் எல்லாம் எடுத்துவிட்டு உள்நாட்டுக்கு 0 சேர்த்து சரியாக 11 இலக்கம். எஸ்டிடி கோடும் நம்பரும் சேர்ந்தால் எங்கும் 10 தான். ஆந்திரா கோடுகள் 8-ல் தொடங்குவதால், முதல் இலக்கத்தை வைத்து மொபைல் என்று தள்ளிவிட முடியாது. 00-ல் தொடங்குவதை மறுத்துவிட்டு, வியாபாரம் நடக்கும் நாடுகளை மட்டும் திறங்க: ஜப்பானுக்கு 81, ஜெர்மனிக்கு 49. முகவரியில் கூட்டல் குறி வேண்டவே வேண்டாம். ரெசிபியன்ட்_டிலிமிட்டர் (முகவரியைப் பிரிக்கும் குறி) அதே குறியாக இருந்தால் நம்பர் எங்கே வெட்டுப்படும் என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

சென்ட்ஃபேக்ஸுக்கு: கவர் ஷீட் வேண்டாம் என்பதற்கு சின்ன ‘-என்’, நம்பருக்கு சின்ன ‘-டி’, அனுப்புநர் மெயிலுக்கு ‘-எஃப்’, முடிந்ததும் தகவல் சொல்ல பெரிய ‘-டி’. இந்தப் பெரிய டி-யைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மெயில் லாகில் ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்று வருகிறதே, அதற்கு அர்த்தம் ஸ்கிரிப்ட் 0 சொல்லி முடிந்தது, அவ்வளவுதான். எதிர்முனையில் தாள் தீர்ந்திருக்கலாம், மனுஷன் போனை எடுத்து “ஹலோ” சொல்லிக்கொண்டிருக்கலாம். திரும்பத் திரும்ப டயல் செய்து, சில சமயம் 3 மணி நேரம் வரை முயன்ற பிறகுதான் ஹைலாஃபேக்ஸ் கைவிடும். ஷிப்மென்ட் நாளில் அந்த 3 மணி நேரம் யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது. ‘-கே’ கொண்டு ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

நேரம் எங்கே போகிறது என்றும் பார்த்துவிடுங்க. ஃபைன் மோடில் ஏ4 தாள் அகலத்தில் 1728 புள்ளி, மில்லிமீட்டருக்கு 7.7 வரி, மொத்தம் ஏறக்குறைய 39.5 லட்சம் பிட். சுருக்காமல் அனுப்பினால் 14,400 வேகத்தில் நாலரை நிமிடம், 9,600-ல் ஏழு நிமிடம். கறுப்பு எழுத்து மட்டும் உள்ள தாள் நன்றாகச் சுருங்கும், ஒரு நிமிடத்தில் போய்விடும். லெட்டர்ஹெட்டின் பின்னால் சாம்பல் நிறத்தில் கம்பெனி சின்னம் போட்டிருந்தால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பொடிப்புள்ளியாக உடைக்கும். அந்தப் புள்ளிகள் சுருங்கவே சுருங்காது, சில சமயம் சுருக்கியதே பெரிதாக இருக்கும். ஃபேக்ஸுக்கென்று வாட்டர்மார்க் இல்லாத லெட்டர்ஹெட் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. தமிழ் இருந்தால் ஃபான்ட்டை பிடிஎஃப்புக்குள் எம்பெட் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகப் போகும்.

செம்புக் கம்பி லைன் போய் ஃபைபர் வந்த ஆபீஸில் கதையே வேறு. ஃபைபர் பெட்டியில் உள்ள போன் ஓட்டை பார்க்க லேண்ட்லைன்போல இருந்தாலும், உள்ளே ஓடுவது வாய்ஸ் பாக்கெட். குரலை அதிகம் சுருக்காத ஜி.711 ஏ-லாவில் ஃபேக்ஸ் ஒருமாதிரி தப்பிக்கும், கடுமையாகச் சுருக்கும் ஜி.729 ஆனால் வாய்ப்பே இல்லை. முதல் தாள் போய் இரண்டாவதில் அறுந்தால், அல்லது ‘ஃபெயிலியர் டு டிரெய்ன்’ வந்தால், பெரிய ‘-பி’ 9600 கொடுத்து வேகத்தைக் குறைங்க. பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஃபைபர் பெட்டியில் டி.38 (ஃபேக்ஸை ஃபேக்ஸாகவே பாக்கெட்டில் அனுப்பும் முறை) வசதி இருந்து, எதிர்முனை வரை அது செல்லுபடியானால் இந்தப் பாடே இல்லை.

எது தவறினாலும் ஸ்பூல் டைரக்டரியின் லாகில் ‘சி’ என்று தொடங்கும் ஃபைலைத் திறங்க. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒன்று, மோடத்துக்குச் சொன்னதும் அது சொன்னதும் விநாடி வாரியாக இருக்கும். டெபியன் பேக்கேஜாக இல்லாமல் சோர்ஸிலிருந்து போட்டவர்கள் ஃபேக்ஸ்கியூகிளீனை மணிக்கொருமுறையும் ஃபேக்ஸ்கிரானை வாரத்துக்கொருமுறையும் கிரானில் (வேலைகளை நேரப்படி ஓட்டும் பட்டியல்) சேர்த்துவிடுங்க. அனுப்பி முடித்த பிடிஎஃப்கள் தானாகப் போகாது.