வைரவன்பட்டிப் பக்கம் இழுக்கிற வண்டி

நேத்து காரைக்குடி போயிட்டுத் திரும்பும்போது, கோட்டையூர் தாண்டுனதும் எங்க பியட் கார் மறுபடி இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சிருச்சு. அப்பச்சி, அதான் எங்க அப்பா, கொஞ்சமும் பதறல. "வைரவன்பட்டி அந்தப் பக்கந்தாண்டா இருக்கு. உங்க ஐயா வாங்குன வண்டி, நம்ம கோயிலைப் பாத்து இழுக்குது"ன்னாக. அப்படின்னா காலையில போகும்போது வலது பக்கமுல்ல இழுத்திருக்கணும்? அப்பவும் இடதுதானே! கேட்டேன். காது மெஷினைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாக.

வீடு வந்து சேர்றதுக்குள்ள வளவு பூரா சேதி தெரிஞ்சு போச்சு. ஆத்தா வழக்கம்போல, "அந்தப் பத்மினிய வித்துத் தொலைங்க"ன்னாக. இது மட்டும் அப்பச்சிக்கு மெஷின் இல்லாமயே கேக்கும். "இந்த வண்டிக்குப் பத்மினிங்கிற பேரே 1974-லதான் வந்துச்சு. இது 66 மாடல் பியட்!"

பெரியப்பச்சி பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிட்டாக: "ஸ்டீயரிங் பாக்ஸ் லூசு. இறுக்கு." தாழ்ப்பாள் ஆடுனாலும் சரி, பல் ஆடுனாலும் சரி, அவுகளுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் இறுக்குறது. பாக்ஸை அளவுக்கு மேல இறுக்குனா, வளைவுல திரும்புன சக்கரம் தானா நேருக்கு வராதுன்னு சொன்னா கேக்கணுமே. அம்மான் சொன்னதுலயாவது நியாயம் இருந்துச்சு: மழைத்தண்ணி வடியறதுக்கு ரோட்டைச் சரிவாத்தான் போடுவான், லேசா ஓரத்துக்கு இழுக்கத்தான் செய்யும். ஆனா ஊருணிக்கரைப் பொட்டல்ல ஓட்டிப் பாத்தாலும் அதே இழுப்பு.

சாயங்காலம் மெக்கானிக் பாய் வந்தாரு. முதல்ல டயர்ல காத்துப் பாத்தாரு. அப்புறம் முன் சக்கரம் ரெண்டையும் இடம் மாத்திப் போட்டாரு. கோளாறு டயர்ல இருந்தா இழுப்பும் பக்கம் மாறணுமாம். மாறல. ஜாக்கி வச்சுத் தூக்கி, இடது சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுனாரு. லேசா ஒரு 'டிக்'.

"செட்டியாரே, பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க. ஆட்டம் நின்னா சக்கரம் சுத்துற பேரிங், நிக்கலைன்னா அது திரும்புற கிங் பின்."

மெஷின் இன்னும் பையிலதான் இருக்கு. அப்பச்சி ஹாரனை அமுக்குனாக. இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியற வீடு. சத்தம் முகப்புல நுழைஞ்சு முதக்கட்டு, ரெண்டாங்கட்டு எல்லாம் கடந்து பின்வாசல் வழியாப் போயிருக்கு. பின் தெருக்காரவுக எட்டிப் பாத்துட்டுப் போனாக. பாய் கை ஜாடை காட்டுனப்புறந்தான் கால் பிரேக்குக்குப் போச்சு. ஆட்டம் நின்னுருச்சு. பேரிங்தான், கொஞ்சம் இறுக்குனா போதும்னாரு பாய். பெரியப்பச்சி மூஞ்சியைப் பாக்கணுமே!

ஆனா பிரேக்கை விட்டப்புறமும் சக்கரம் சுத்தல. வலது சக்கரம் நல்லாச் சுத்துது, இடது பிடிச்சுக்கிட்டே நிக்குது. பிரேக் டிரம்முக்குப் போற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதிப் போயிருக்காம். மிதிச்சா ஆயிலை வாங்கிக்கும், திருப்பி விடாது.

"உங்க தம்பி மாதிரி"ன்னாக ஆத்தா, அப்பச்சியைப் பாத்து. அடுத்த வார்த்தை பாய்க்கு: "கிரீஸ் கையோட உள்ள வந்துராதீக, தரை ஆத்தங்குடிக் கல்லு."

இன்னைக்குக் காலையில பாய் எங்கயோ பிடிச்சு ஹோஸ் வாங்கியாந்து, ரெண்டு பக்கமும் மாட்டி, பிரேக்குல காத்தெடுத்துக் குடுத்தாரு. நான் ஓட்டிப் பாத்தேன். வண்டி நூல் பிடிச்சாப்புல போகுது. பள்ளத்தூர் வரைக்கும் போயிட்டு வருவோம்னு அப்பச்சி சாவியை வாங்குனாக. ஊரைத் தாண்டல, நடு ரோட்டுக்கு ஏறிட்டோம். எதிர்ல பஸ்ஸு! இத்தனை வருஷமா இடது இழுப்புக்கு ஈடு குடுத்துப் பழகுன கை, வலது பக்கமே வளைச்சுக்கிட்டு இருக்கு.

"பாய் சரியாப் பாக்கல. இப்ப வலது பக்கம் இழுக்குது"ன்னாக.

பாய்க்குப் போன் போட்டேன். "ஓட்டுறது யாரு தம்பி?"ன்னு மட்டும் கேட்டாரு. சொன்னேன். சிரிச்சுட்டு வச்சுட்டாரு.

இப்ப பெரியப்பச்சி திருப்புளியோட வந்து நிக்கிறாக. எதை இறுக்கப் போறாகன்னு தெரியல.