மூன்றாம் மாடி ஏற மூன்று நடை, இறங்க நாலு நடை

ஹாஸ்டல் அறையை மாற்றிக்கொடுத்த காகிதம் கைக்கு வந்து இன்றோடு ஆறு நாள். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்த வருடம் வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிசியோதெரபி படிக்க வருகிறவர்களாவது என்னைப்போல் அலையக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். இன்னும் மூன்றரை வருடம் நான் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

எங்கள் ஹாஸ்டலில் ஒரு கோர்ஸுக்கு ஒரு மாடி. இரண்டாவது நர்சிங், மூன்றாவது பிசியோ. "ஒரே கிளாஸ் பிள்ளைங்க ஒண்ணா இருந்தா படிப்பு நல்லா ஓடும்" என்றார்கள், அப்பா தலையாட்டினார், நானும் ஆட்டினேன். அட்மிஷன், ஃபீஸ் எல்லாம் அரை நாளில் முடிந்தது. சிக்கல் ஹாஸ்டல் ஃபார்மில்தான்.

ப்ளஸ் டூ படிக்கும்போது தண்டையார்பேட்டை அத்தை வீட்டில் இருந்தேன். அப்போது ஆதாரில் அந்த முகவரிக்கு மாற்றியது என் கெட்ட நேரம். அத்தை குடும்பம் ஓசூருக்குப் போய் ஒரு வருடமாகிறது. நாங்கள் திருத்தணி. கிளார்க் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்டையார்பேட்டைன்னு போட்டிருக்கு. ஷேர் ஆட்டோல பத்து நிமிஷம். உனக்கு எதுக்கும்மா ஹாஸ்டல்? இது வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு" என்றார். அப்பா விளக்கிச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஊருக்குத் திரும்பினோம்.

இரண்டாவது நடையில் ரேஷன் ஸ்மார்ட் கார்டோடு போனேன். என் பெயரும் இருக்கிறது, திருத்தணி முகவரியும் இருக்கிறது. "இது செல்லாது. இருப்பிடச் சான்று கொண்டு வா" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? இ-சேவையில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். அது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து வர ஒன்பது நாள் ஆனது. விஏஓவை அப்பா இரண்டு தடவை நேரில் பார்த்ததால்தான் ஒன்பது நாள். ஆதார் முகவரி பழசாக இருந்தால், அட்மிஷனுக்கு முன்பே அதைச் சரி செய்துவிடுங்கள். ஊரில் இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ குடும்பத் தலைவராகக் காட்டி ஆன்லைனிலேயே மாற்றலாம். அவர்கள் தங்கள் ஆதார் கணக்கில் போய்ச் சம்மதம் கொடுத்தால் போதும். இது எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

மூன்றாவது நடை ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி. நானும் அப்பாவும் ஆன்லைனில் கொடுத்து, மெயிலில் வந்த பதிவு எண்ணோடு பிரிண்ட்டும் எடுத்துவந்திருந்தோம். அவருக்கு அது முத்திரைத்தாளில், நோட்டரி கையெழுத்தோடு வேண்டுமாம். மெட்ரோவில் மண்ணடி தாண்டி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி, பாரிமுனையில் டைப் அடிக்கிறவரைத் தேடி, வாங்கிக்கொண்டு ஓடி வந்தால் மணி ஒன்று பத்து. சாப்பாட்டு நேரம். ரெண்டேகாலுக்கு வந்தவர் அந்தத் தாளைப் படிக்கக்கூட இல்லை. குத்தி ஃபைலில் போட்டார். அவ்வளவுதான், அறை கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலமே எம்.சி. ரோட்டில் பெட்ஷீட், தலையணை உறை வாங்கி முடித்தோம்.

முதல் இரண்டு மாதம், சும்மா சொல்லக் கூடாது, திருவிழாதான். சீனியரிடம் கைமாற்றி வாங்கிய போன் செட், அதாவது படிப்பதற்கான எலும்புத் தொகுப்பு ஒன்று, எங்கள் மூன்று பேருக்கும் பொது. ராத்திரி கிளாவிக்கிளை, அதாவது காறை எலும்பை, கையில் கொடுத்து "எந்தப் பக்கம் சொல்லு" என்பாள் அறைத்தோழி. உருண்டை முனை நெஞ்சுப் பக்கம், தட்டை முனை தோள் பக்கம், பள்ளம் கீழே பார்க்க வேண்டும். அப்படியே என் கழுத்தடியில் வைத்துப் பார்த்தால் இடதா வலதா என்று புரிந்துவிடும். புத்தகத்தில் மூன்று நாள் முட்டி ஏறாதது அரை நிமிடத்தில் ஏறியது. மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கிற கோனியோமீட்டரை எடுத்துக்கொண்டு யாராவது வந்து முழங்காலை மடக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தூங்குகிறவள் காலைக்கூட விடுவதில்லை.

இன்டர்னல் பரீட்சை வந்தது, எல்லாம் மாறியது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டி "பிரேக்கியல் பிளெக்ஸஸ் வரைஞ்சு பாத்துட்டியா?" என்று, கைக்குப் போகும் நரம்புப் பின்னலைப் பற்றி ஒருத்தி கேட்டுவிட்டுப் போவாள். நான் பார்த்துத்தான் இருந்தேன். ஆனாலும் அதற்கப்புறம் தூக்கம் வராது. ஒருத்திக்குப் பயம் வந்தால் அரை மணியில் பதினெட்டு அறைக்கும் வந்துவிடும். வேறு பேச்சுப் பேச, சும்மா கொறிக்க, அந்த மாடியில் பரீட்சைக்கு வெளியே ஒரு ஆள் கிடையாது.

பயோகெமிஸ்ட்ரியில் நான் ஃபெயிலாகிவிட்டேன். அது எனக்குத் தெரிந்தது குளியலறை வரிசையில். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன்பே, பக்கெட்டோடு எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, "பரவால்லடி, அடுத்ததுல பாத்துக்கலாம்" என்றாள். எதைப் பரவாயில்லை என்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அன்றைக்குத்தான் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நல்லவேளை, இரண்டாம் மாடியில் ஒரு நர்சிங் பெண் மேலே வரத் தவித்துக்கொண்டிருந்தாள். டியூட்டிக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுப்பிவிடும் சத்தம் தாங்கவில்லையாம். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிறோம் என்று சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். அதே கிளார்க். "அப்படி ரூலே இல்லையே." வார்டன் மேடம் இருக்கிறது என்றார், எழுதித் தர மாட்டேன் என்றார். இரண்டு துறைத் தலைவர் கையெழுத்து, இரண்டு வீட்டுப் பெற்றோர் கையெழுத்து, அதில் அவள் அம்மா போட்டது ஃபார்மில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு நடை. கடைசியில் கிளார்க் மெஸ்ஸைக் காட்டி நிறுத்தினார். எங்களுக்கு டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை ஆள் கணக்கு, நாள் கணக்குப் போட்டுப் பிரிப்பார்கள். மாடிவாரியாகப் பதிவேடு இருப்பதால் நடுமாதத்தில் மாறினால் கணக்கு இடிக்குமாம். இதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆகவே விண்ணப்பத்தை 25ஆம் தேதி வாக்கில் கொடுத்து, ஒன்றாம் தேதியில் மாறுவதாக எழுதுங்கள். எதைக் கொடுத்தாலும் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நான்காவது நடையில் "லெட்டரே வரலையே" என்றவரிடம் அந்த நகலைத்தான் நீட்டினேன். பேசாமல் டிராயரைத் திறந்து எங்கள் கடிதத்தை எடுத்தார்.

அன்று சாயங்காலம் அந்த நர்சிங் பெண்ணும் நானும் பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டோம். வாழைத்தண்டு சூப் இரண்டு தடவை வாங்கிக் குடித்தோம்.

இப்போது என் அறையில் இருக்கும் இரண்டு பேருக்கும் என் பாடம் ஒன்றும் தெரியாது. வார்டில் நடந்த கதை சொல்கிறார்கள், ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கிறார்கள். படிக்க வேண்டியிருந்தால் நானே மூன்றாம் மாடிக்கு ஏறிப் போகிறேன், போதுமென்றால் இறங்கிவிடுகிறேன். போன் செட்டில் என் பங்கு இன்னும் மேலேதான் இருக்கிறது. பழைய அறைச் சாவியைக் கொடுத்தபோது மட்டும் ரசீது வாங்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடியும் அவர் மேஜைக்குப் போக வேண்டும்.