நட்சத்திர முக்கோணத்தில் தமிழ் எழுத்தைப் போட்டால்

நிரலெழுத்தில் லூப் (ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) கற்றுக்கொள்ளும் எல்லாரும் போட்டுப் பார்க்கிற முதல் வடிவம் இதுதான்:

*
**
***
****
*****

வெளி லூப் வரிகளை எண்ணுகிறது, உள் லூப் அந்த வரியில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுகிறது. உள் லூப்பின் எல்லையாக வெளி லூப்பின் எண்ணையே வைப்பதால்தான் முக்கோணம் வருகிறது. அங்கே 5 என்று நிலையாக எழுதிவிட்டால் 5க்கு 5 கட்டம்தான்.

பைத்தான் நிரல்மொழியில் சறுக்குகிற இடங்களும் தெரிந்தவைதான். ரேஞ்சுக்கு 1, 5 என்று கொடுத்தால் கடைசி எண் சேராது, நான்கு வரியோடு நின்றுவிடும். 1, 6 கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பிரிண்டில் எண்ட் என்பதைக் காலியாக வைக்காவிட்டால் 15 நட்சத்திரமும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். உள் லூப் முடிந்தபின் வெறும் பிரிண்ட் ஒன்று போட மறந்தால் 15ம் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும். அந்த வெறும் பிரிண்ட் உள் லூப்புக்குள் தள்ளி நிற்காமல், உள் லூப் தொடங்கும் வரிக்கு நேராக, வெளி லூப்புக்குள் நிற்க வேண்டும்.

இதுவரை எளிது. நட்சத்திரத்துக்குப் பதில் எழுத்து வைக்கும்போதுதான் வேடிக்கை. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு என்ற தரப்படி ஓர் எண் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 65இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 26 எழுத்தும் வரிசையாக வரும். அதே நம்பிக்கையில் அ-வின் யூனிகோடு எண்ணான 2949இல் தொடங்கினால் 2954இல் ஊ வரை ஒழுங்காகப் போகும். அடுத்த மூன்று வரியில் கட்டம் கட்டமாக ஏதோ தெரியும். 2955, 2956, 2957 தமிழில் காலி இடங்கள். எ இருப்பது 2958இல். ஐ-க்கும் ஒ-வுக்கும் நடுவில் 2961ம் காலி. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அச்சில் இடம் ஒதுக்கியதன் விளைவு இது. மெய் வரிசையிலோ ந-வை அடுத்து ன வந்து நிற்கும். எனவே எண்ணைக் கூட்டுகிற வித்தையை விட்டுவிடுங்கள். 12 உயிரெழுத்தையும் ஒரு லிஸ்ட்டில் நீங்களே எழுதி, ஒவ்வொரு வரியிலும் முதல் i எழுத்துகளை (i என்பது வெளி லூப்பின் எண்) அச்சிடுங்கள்:

அ
அ ஆ
அ ஆ இ
அ ஆ இ ஈ

ஒரு சொல்லை வளர்த்துக்கொண்டு போவது அடுத்த சிக்கல். 'தமிழ்' என்பதை ஸ்லைஸ் செய்து (துண்டாக வெட்டி) முதல் 1, முதல் 2 என்று அச்சிட்டால் மூன்று வரியை எதிர்பார்ப்போம். வருவது ஐந்து:

த
தம
தமி
தமிழ
தமிழ்

நீளம் சொல்லும் லென் ஃபங்ஷனைக் கேட்டாலும் 5 என்றே சொல்லும். அது எண்ணுவது நம் எழுத்துகளை இல்லை, யூனிகோடு குறிகளை. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி: ஆக ஐந்து. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அச்சிட்டால் கொக்கியும் புள்ளியும் தனியாகக் கழன்று, பல எழுத்துருக்களில் புள்ளிவட்டத்தோடு நிற்கும்.

சரிசெய்ய முதலில் சொல்லை எழுத்துகளாகப் பிரித்து லிஸ்ட்டில் வைக்க வேண்டும். பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா மாட்யூலில் ஒவ்வொரு குறிக்கும் கேட்டகரி (அதன் வகை) கேட்டால் கொக்கி, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் 'எம்' என்று தொடங்கும் விடை வரும். அப்படி வந்தால் லிஸ்ட்டின் கடைசி உறுப்போடு ஒட்டுங்கள், இல்லையேல் புது உறுப்பாகச் சேருங்கள். ஆறேழு வரிதான். பிறகு லூப்பை இந்த லிஸ்ட்டின் மேல் ஓட்டினால் த, தமி, தமிழ் என்று மூன்றே வரி. எழுத எரிச்சலாக இருந்தால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் இதற்கு ஆயத்தமான ஃபங்ஷன் இருக்கிறது. க்ஷ ஒன்றா இரண்டா என்பதை மட்டும் நீங்கள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன முறை அதை க், ஷ என்று உடைக்கும்.

கொ போன்றவற்றில் இன்னொரு கண்ணி. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், லென் மட்டும் 2, 3 என்று மாறும். பிரித்து வைத்த எழுத்துகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) முறையில் நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

பிரமிடு வடிவத்தைத் தமிழில் முயலாதீர்கள். நட்சத்திரத்தில் ஒவ்வொரு வரியின் முன்னும் 5 கழித்தல் i இடைவெளி, பின் 2i கழித்தல் 1 நட்சத்திரம் என்ற கணக்கு அழகாக நிற்கும். தமிழில் ஐ-யும் ர-வும் ஒரே அகலம் இல்லை. டெர்மினலில் பக்கவாட்டு வரிசை கோணிக்கொண்டுதான் நிற்கும். சொல்லை நடுவில் நிறுத்தும் சென்டர் ஃபங்ஷனும் குறிகளை எண்ணித்தான் இடைவெளி விடும், 'தமிழ்' அதற்கு ஐந்து இட அகலம். இடப்பக்கம் ஒட்டிய முக்கோணமே போதும்.