வலுவில்லாத கைக்கு ஒரு சின்ன ரிவால்வர்: இதுவரை சுட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

டெக்சஸில் பல வருடங்களாகச் சுடுதளத்துக்குப் போய்க்கொண்டிருப்பவள் நான். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்த பிறகு பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து அதைத் தயார்செய்ய முடியவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: "ரிவால்வருக்கு மாறிவிடுங்கள், சின்னதாக, எடை குறைந்ததாக." அதில் முதல் பாதி எனக்கு ஒத்துவந்தது. இரண்டாவது பாதிதான் சிக்கல்.

கை வலுவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று தனி விஷயம். ஆள்காட்டி விரலால் ட்ரிகரை இழுக்க முடிகிறதா? கட்டைவிரலால் எதையாவது அழுத்தித் தள்ள முடிகிறதா? சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதைப்பை மணிக்கட்டும் கட்டைவிரல் மூட்டும் தாங்குமா? எனக்கு மூன்றாவதுதான் மோசம், அடுத்தது விரல். உங்களுக்கு வரிசை வேறாக இருக்கலாம். எந்தத் துப்பாக்கி என்பது அந்த வரிசையைப் பொறுத்தது.

முதலில் எடுத்தது, கைப்பைக்கென்றே செய்யப்படும் அலுமினியச் சட்டம் (உடற்பாகம்) கொண்ட ரிவால்வர், .38 ஸ்பெஷல் எனும் தோட்டா வகை, 5 தோட்டா. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 இந்த வகையில் எல்லோரும் அறிந்தது, எடை ஏறக்குறைய 410 கிராம். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஹேமர் வெளியே தெரியாது, எனவே ஒவ்வொரு சுடுதலுக்கும் ட்ரிகரே ஸ்பிரிங்கை அழுத்தி, ஹேமரைப் பின்னுக்குத் தள்ளி, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரையும் சுழற்ற வேண்டும். இந்த வகையில் 12 பவுண்டை ஒட்டி இழுப்பு இருப்பது சாதாரணம். துப்பாக்கியின் எடையோ ஒரு பவுண்டுக்கும் குறைவு! அதனால் விரல் இழுக்க இழுக்கக் குழல் ஆடுகிறது. எடை குறைந்தால் உதைப்பும் கூடும். தூக்க எளிது என்று வாங்கினால் சுடக் கஷ்டமாக இருப்பது இதனால்தான்.

சரி, உதைப்பே இல்லாத .22 எனும் சின்னத் தோட்டா போடும் ரிவால்வர் எடுத்தால் என்ன? எனக்கும் இதுதான் ரொம்பப் பிடித்த யோசனையாக இருந்தது. ருகர் கம்பெனியின் எல்சிஆர் எனும் ரிவால்வர் வரிசையில் .22 மாடலில் 8 தோட்டா போடலாம், உதைப்பு கையில் உறைப்பதே இல்லை. ஆனால் ட்ரிகர் .38 எல்சிஆரைவிடக் கனமாக இருந்தது. காரணம் தோட்டாவின் அமைப்பு. .22-இல் பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும், அதற்குப் பலமான அடி வேண்டும், பலமான அடிக்குப் பலமான ஸ்பிரிங் வேண்டும். .38 போன்றவற்றில் பற்றவைக்கும் மருந்து அடியின் நடுவில் பிரைமர் எனும் தனிக் குப்பியில் இருப்பதால் அவ்வளவு தேவையில்லை. மணிக்கட்டு வலிப்பவர், ஆனால் விரல் நன்றாக இருப்பவர் தாராளமாக .22 எடுக்கலாம். விரலே பலவீனம் என்றால் அது பொருந்தாது. ஸ்பிரிங்கை மாற்றி லேசாக்கலாமே என்பார்கள். லேசாக்கினால் சில தோட்டா வெடிக்காமல் போகும். தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

ஹேமர் வெளியே தெரியும் மாடலில் கட்டைவிரலால் அதைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் ட்ரிகர் பூப்போல ஆகிவிடும். தளத்தில் இலக்கு பார்த்துச் சுட நல்லது. ஆனால் சுடாமல் விட நினைத்தால், தோட்டா உள்ளே இருக்கும்போதே ஹேமரைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். வழுக்கினால் சுட்டுவிடும். நடுங்கும் கட்டைவிரலை நம்பி அந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

2009-இல் வந்த எல்சிஆர் வரிசையில் ட்ரிகருக்குள் உராய்வைக் குறைக்கும் ஒரு கேம் (வளைந்த விளிம்புள்ள பாகம்) வைத்திருக்கிறார்கள். இழுக்கும்போது கடைசியில் திடீரென்று கனம் கூடுவதில்லை, சீராக வருகிறது. அளவுகோலில் தெரிவதைவிட விரலில் இந்த வித்தியாசம் அதிகம். அதே வரிசையில் .327 ஃபெடரல் மேக்னம் எனும் தோட்டாவுக்கான மாடல் இருக்கிறது: எஃகுச் சட்டம், ஏறக்குறைய 480 கிராம், 6 தோட்டா. .327 சுடச்சொன்னால் நானே மாட்டேன், சத்தமும் உதைப்பும் கடுமை. ஆனால் அதே சிலிண்டரில் .32 எச் அண்ட் ஆர் மேக்னமும், அதைவிடச் சாதுவான பழைய .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்கும் போடலாம். லாங் போட்டுச் சுட்டபோது சிலிண்டர் காலியான பிறகும் மூட்டு எரியவில்லை. நடு பிரைமர் என்பதால் .22-இன் கனமான ட்ரிகரும் இல்லை. இப்போதைக்கு என் கை இங்கேதான் நிற்கிறது.

.38-ஐ விட மனமில்லாதவர்கள் 148 கிரெய்ன் (குண்டின் எடை) வாட்கட்டர் எனும் தட்டை முனைத் தோட்டா போட்டுப் பாருங்கள். இலக்குச் சுடுதலுக்கான மெதுவான தோட்டா, சின்ன ரிவால்வரில் உதைப்பு கண்கூடாகக் குறைகிறது. முனை தட்டையாக இருப்பதால் சிலிண்டரில் வேகமாக நுழைக்க வராது, அவ்வளவுதான்.

பையில் சுமக்காமல் வீட்டில் பூட்டி வைக்க மட்டும் என்றால், முழு எஃகு ரிவால்வரையும் பாருங்கள். கோல்ட் கோப்ரா 700 கிராமுக்குச் சற்று மேல், ட்ரிகர் அருமை. எடை உதைப்பைத் தின்றுவிடுகிறது. நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தால் எனக்கு மணிக்கட்டு சோர்கிறது, அதனால் விட்டேன்.

பிடிக்கும் முறையும் மாறியது. விரல் நுனிக்குப் பதிலாக முதல் மூட்டின் மடிப்பை ட்ரிகரில் வைத்தால் இழுக்கும் பலம் கூடுகிறது. இடது கட்டைவிரலை வலது கட்டைவிரல் மேல் குறுக்காகப் போட்டுக்கொள்கிறேன். பிஸ்டலில் செய்வதுபோல் கட்டைவிரலை முன்னால் நீட்டக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பீய்ச்சும் சூடான வாயு விரலைக் கிழித்துவிடும்.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது சிலிண்டரைத் திறக்கும் பொத்தானையும் சோதியுங்கள். ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும், ருகரில் உள்ளே அழுத்த வேண்டும். எனக்கு அழுத்துவதுதான் முடிகிறது. கடைக்காரர் அனுமதித்தால், காலி என்று உறுதி செய்துகொண்டு, ஸ்னாப் கேப் எனும் போலித் தோட்டா போட்டு நிதானமாக ட்ரிகரை இழுத்துக்கொண்டே இருங்கள். குழல் எப்போது ஆடத் தொடங்குகிறதோ, அதுவரைதான் அந்தத் துப்பாக்கி உங்களுடையது. வாடகைக்குக் கிடைக்கும் தளமானால் சுட்டே பார்த்துவிடலாம்.

நம்மவர்களுக்கு ஒன்று. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியை வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. தளத்தில் வாடகைக்கு எடுப்பதற்கு முன்பும் இதைக் கவனியுங்கள். வயதான உறவினருக்காக என்றால், அவரையே கடைக்கு அழைத்துப் போய் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை அவரே நிரப்பும்படி செய்வதே நல்லது. அவர் கைக்கு எது பொருந்தும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

அடுத்து சுட்ட கூடுகளை வெளியே தள்ளுவதில் பழக வேண்டும். குட்டைக் குழலில் தள்ளுகம்பியும் குட்டை, கூடுகள் முழுசாக வெளியே வருவதில்லை. குழலை மேலே நிமிர்த்தி உள்ளங்கையால் ஒரே தட்டாகத் தட்டச் சொல்கிறார்கள், வலது உள்ளங்கையால் இன்னும் சரியாக வரவில்லை. கை மாற்றிச் செய்து பார்க்கப் போகிறேன். .32 லாங் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, .38-ஐவிட விலையும் கூட. அதனால் கிடைக்கும்போது பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கிறேன்.